பத்துக் கட்டம் தள்ளி நின்ற அன்னம்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும், ‘இந்தப் பொம்பளை இப்படி என்று ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா’ என்று கேட்கக் கூடாது. என் வீட்டுக்காரர் சந்திரமோகன் கேட்டார், கல்யாணமான மூன்றாம் நாள். அப்போது நேரம் கடந்துவிட்டது.

பேர் ஜெயப்ரியா. ஆரணியில் பட்டுத் தறிக்கு அட்டை குத்துகிறேன். சேலையில் மாங்காயும் மயிலும் தானாக வந்து உட்காராது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். ஒரு அட்டைக்கு நெசவில் ஒரு வரி. துளை இருக்கிற இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் கிடக்கும். கட்டம் போட்ட தாளில் டிசைனை வரைந்துகொண்டு, கட்டத்தை எண்ணி எண்ணித் துளை போடுவது என் வேலை. இப்போது பாதி வேலை கம்ப்யூட்டரில் போகிறது, அதையும் நான்தான் செய்கிறேன். மீதிப் பாதிக்கு இன்னும் என் கைதான்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ‘நீலச்சுழி’ பைத்தியம். ஏழு வருஷத்துக்கு முன் வந்த படம். வானத்தில் நீலமாக ஒரு சுழி திறக்கும், கேப்டன் ஆதிரை தன் கப்பலை அதற்குள் விடுவாள், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும், படம் முடிந்துவிடும். அந்தச் சத்தம் என்ன என்று தெரிந்துகொள்ள ஏழு வருஷம் காத்திருந்தேன். பெண்களுக்கு சாமிப் படம், சீரியல் இருக்கும்போது இவளுக்கு ஏன் ராக்கெட் என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் கோபமாக வரும்.

இரண்டாம் பாகம் வெள்ளிக்கிழமை ஆரணிக்கு வந்தது. காலை ஒன்பது மணிக் காட்சி. நான் எட்டே காலுக்கே தியேட்டர் வாசலில் நின்றேன், கையில் ஒரு கோணிப் பை. கேட்டில் இருந்தவர் பையை அமுக்கிப் பார்த்தார்.

“இன்னாக்கா, மூட்டை?”

“பொட்டு.”

“ஓ, நீங்களா. போங்க போங்க.”

அட்டையில் துளை போடும்போது விழுகிற சின்ன வட்டங்களை எங்கள் வீட்டில் பொட்டு என்போம். மற்ற ஊர்களில் பேப்பரைக் கிழித்து வீசுவார்கள். ஆரணியில் பெரிய படம் வந்தால் அட்டைப் பொட்டுதான் பறக்கும். கிழிக்கிற வேலை மிச்சம், ஒவ்வொன்றும் அளவெடுத்த வட்டம், விளக்கு வெளிச்சத்தில் ஜிகுஜிகுவென்று இறங்கும். இந்தப் படத்துக்காக இரண்டு மாதமாக ஒரு பொட்டைக்கூடப் பெருக்கித் தள்ளவில்லை. வாசலிலேயே பையன்களுக்குக் கை கையாக அள்ளிக் கொடுத்தேன். எல்லாரும் அக்கா அக்கா என்று சுற்றிக்கொண்டார்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு. அன்றைக்குப் பதினெட்டு.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் மனசு கொஞ்சம் இறங்கியது. காரணம் ரேணு.

ரேணுகாதேவி என் சினேகிதி. எங்கள் தெருவில் அவள் கை நெசவுக்கு நிகர் கிடையாது. முதல் பாகத்தை ரேணுவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம், ஒரே வாரத்தில் நாலு தடவை. இரண்டாம் பாகம் எப்போது வந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவள் அப்போது தன் தங்கை கீதாவின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை நெய்வதற்குத் தறியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். கடைப் புடவை வேண்டாம், என் தங்கைக்கு என் கையாலே என்று பிடிவாதம். முந்தானையில் ஒரே ஒரு பெரிய அன்னம் வேண்டும் என்றாள். நான் வரைந்தேன். மூன்று இதழ்க் கொண்டை, நீளக் கழுத்து. நானூறு அட்டை. குத்திக் கோத்துக் கொடுத்தேன்.

நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து விரித்துப் பார்த்தால் அன்னத்தின் கழுத்து உடைந்திருந்தது. பாதிக் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். நெய்யும்போது நல்ல பக்கம் கீழே இருக்கும், சரிகை எல்லாம் ஒரே கசகசவென்று தெரியும், அதனால் கடைசியில்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு ஆறு நாள். ரேணு புடவையைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“ப்ரியா, வந்து பாருடி. கழுத்து நகந்து நிக்குது.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “எலி கடிச்சு அட்டைக் கோவை அறுந்துடுச்சின்னு சொன்னியே, நீதானே திருப்பிக் கோத்த? நாலு அட்டய மாத்திப் போட்டிருப்ப.”

“எலி கடிச்சது வால் பக்கம்டி. கழுத்துப் பக்கம் நான் தொடவே இல்ல. நீ ஒருவாட்டி பாத்துட்டு சொல்லு.”

“நான் எதுக்குப் பாக்கணும்? என் கை தப்பாது.”

புடவை அவள் கையில் பாதி பிரிந்து தொங்கியது. தலையைத் திருப்பினால் தெரியும். நான் திருப்பவில்லை. தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புடவையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அட்டைகளைக் கோபத்தில் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கீதா கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் பேச்சில்லை.

ஆரணி மாதிரி ஊரில் ஒருத்தியை ஏழு வருஷம் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்தால் நான் வெங்காயத்தைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொள்வேன். நடுவில் இரண்டு மூன்று தடவை, ‘ஒருவேளை’ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன். கட்டத்தாள் என்னிடம்தான் இருந்தது, அதில் கழுத்து நேராகத்தான் இருந்தது. அட்டையும் போய்விட்டது, இனி யார் நிரூபிக்க முடியும் என்று தைரியம்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

விளக்கணைந்தது. ‘நீலச்சுழி 2’ என்று எழுத்து விழுந்ததும் தியேட்டர் இரண்டுபட்டது. பொட்டு மழை. என் தலையிலும் ரவிக்கைக்குள்ளும் பொட்டு. ஆதிரை முகம் தெரிந்தபோது நான் அடித்த விசிலில் பக்கத்து சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ஜிப்பா போட்ட, வயதான, கண்ணியமான மனிதர். பேரனைக் கூட்டி வந்திருந்தார்.

முதல் அரைமணி நேரம் பிரமாதம். ஒரு குறை உண்டு, அந்த ரோபோவுக்கு எதற்குப் பாட்டு? அது போகட்டும். சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு செத்துப்போன கிரகம். அங்கே ஒரு கோயில் மாதிரி கட்டடம். அதற்குள் ஆதிரை விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மேலேயிருந்து கீழே வரைக்கும் மாலை மாலையாக வெள்ளித் தகடுகள் தொங்குகின்றன. தகட்டில் துளைகள். பத்து லட்சம் வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோன ஜனங்கள் எழுதி வைத்த கடைசிச் செய்தியாம்.

தியேட்டர் மூச்சுவிடவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு முட்டியது. வெள்ளிப் பெயின்ட் அடித்தால் எனக்குத் தெரியாதா? அத்தனையும் ஜக்கார்டு அட்டை! கோத்த கயிற்றைக்கூட அவிழ்க்காமல் தொங்கவிட்டிருந்தார்கள்.

“அட்டை!” என்று கத்திவிட்டேன். ஜிப்பாக்காரர் திரும்பிப் பார்த்தார். “அட்டைங்க, நம்ம அட்டை. சினிமாக்காரங்க காயலாங்கடையில வாங்கிகினு போயிருக்காங்க.”

“கொஞ்சம் மெதுவாம்மா,” என்றார்.

அப்புறம் கப்பலில் இருக்கிற விஞ்ஞானிகள் எல்லாரும் கூடி அந்தச் செய்தியைப் படிக்கப் பார்க்கிறார்கள். இது எழுத்து என்கிறான் ஒருத்தன். இது நட்சத்திர வரைபடம் என்கிறான் இன்னொருத்தன். ஒரு பொண்ணு அழுகிறாள். இருபது நிமிஷம். என்னால் தாங்க முடியவில்லை.

“ஒரு அட்டை ஒரு வரிடா! ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குடா! ஒரு துளைக்கு ஒரு புள்ளி!” நான் சொல்லச் சொல்ல அவன்கள் கேட்கவில்லை. திரையில் இருப்பவன் எங்கே கேட்பான்?

ஆதிரை திடீரென்று எழுந்தாள். “ஒரு தகடு, ஒரு வரி,” என்றாள். “ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள்.”

ஜிப்பாக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, நேத்தே பாத்துட்டியா?”

அதற்குள் திரை முழுக்க இருட்டாகி, அதில் வரி வரியாக நீலப் புள்ளிகள் ஏற ஆரம்பித்தன. கீழேயிருந்து மேலே. முதலில் வால். பிறகு வயிறு. நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். அந்த வாலை எனக்குத் தெரியும். கழுத்து ஏறியது, நீளமாக, வளைந்து. பாதியில் டக்கென்று பக்கவாட்டில் நகர்ந்து, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஏறியது. தலை. மூன்று இதழ்க் கொண்டை.

என் அன்னம். இரண்டு மாடி உயரத்தில், கழுத்து உடைந்து.

நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க என் கண்ணுக்குத் தெரியாது. நகர்ந்து நின்றது சரியாகப் பத்துக் கட்டம். கட்டத்தாளில் பத்துச் சின்னக் கட்டம் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டம். பாதிக் கழுத்திலிருந்து, எண்ணுவதை ஒரு பெரிய கட்டம் தள்ளி ஆரம்பித்தால் இப்படித்தான் வரும். அட்டையை மாற்றிக் கோத்திருந்தால் வரிகள் கலைந்திருக்கும், திருப்பிக் கோத்திருந்தால் கழுத்து எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். இதில் ஒரு வரியும் கலையவில்லை. அழகாக, ஒழுங்காக, பத்துக் கட்டம் தள்ளி. இது தறியில் நடந்த தப்பே இல்லை. இங்கே தறியும் இல்லை, ரேணுவும் இல்லை, இழையும் இல்லை. வெறும் அட்டை. என் அட்டை.

எப்போது நடந்தது என்றுகூட ஞாபகம் வந்துவிட்டது. முதல் பாகம் நாலாவது தடவை பார்த்துவிட்டு வந்த சாயங்காலம். அந்தச் சத்தம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தேன்.

என் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம் என்றால் அவமானம், அப்படி ஒரு அவமானம். தியேட்டர் முழுக்க அந்தப் பறவையைப் பார்த்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது. பின்னணியில் ஒரு வயலின் அழுதது. அப்போது முன்வரிசைப் பக்கம், இடது ஓரத்திலிருந்து, ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அடக்கிப் பார்த்த மாதிரி இரண்டு திணறல், பிறகு அடக்க முடியாமல் ஒரே வெடிப்பு.

அந்தச் சிரிப்பை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். இந்தப் பறவையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான்.

நான் எழுந்துவிட்டேன். “உக்காருக்கா!” “தலை மறைக்குது!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஜிப்பாக்காரர் காலை மிதித்தேன், பேரனின் பாப்கார்னைக் கொட்டினேன், மன்னிப்புக் கேட்கவில்லை. இருட்டில் படியிறங்கி, ஒவ்வொரு வரிசையாக முட்டிக்கொண்டு, இடது ஓரத்துக்குப் போனேன். ரேணு தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அன்னத்தின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கன்னம் வற்றி, நெற்றிப் பக்கம் நாலைந்து நரை.

“தப்பு என்னுதுடி,” என்றேன்.

“தெரியும்.”

“பத்துக் கட்டம் தள்ளிக் குத்திட்டேன்.”

“தெரியும்னு சொல்றேன்ல. ஏழு வருசமா தெரியும். ஷ்ஷ், படத்தப் பாரு.”

படத்தைப் பார்த்தோம். அதாவது அவள் பார்த்தாள். நான் அழுதுகொண்டே பார்த்தேன். அந்த உடைந்த கழுத்தைப் பார்த்து விஞ்ஞானி, இது பிழை, செய்தி சிதைந்துவிட்டது என்கிறான். ஆதிரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இல்லை. நேராகப் போகாதே, இந்த இடத்தில் விலகிப் போ என்று சொல்கிறார்கள்,” என்கிறாள். கப்பலைச் சுழியின் நடுவிலிருந்து சரியாக அந்த அளவு தள்ளி விடுகிறாள். இடைவேளை.

விளக்கெரிந்ததும் ரேணு பெருமூச்சு விட்டாள். “ஏண்டி, நீ தூக்கத்துல குத்துன அட்டைய வச்சு இவங்க பூமியக் காப்பாத்தப் போறாங்களா?”

“தூக்கமில்லடி. இந்தப் படத்ததான் யோசிச்சிகினு இருந்தேன்.”

அதற்கு அவள் மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏழு வருஷம் சேர்த்து வைத்த சிரிப்பு, வயிறு வலித்தது. சமோசா வாங்கி வந்தேன். இரண்டாவது சமோசாவைத் தின்னும்போது அவள் சிரிப்பு அடங்கியது.

“எங்கிட்ட சொல்லிட்ட, சரி,” என்றாள். “ஆனா தெருவுல இன்னா பேச்சு தெரியுமா? ‘ரேணு பெரிய நெசவுக்காரி, தங்கச்சி முகூர்த்தப் புடவையிலயே கழுத்தறுந்த அன்னம் போட்டா.’ அப்பறம் எவளும் கல்யாணப் புடவய எங்கிட்ட தரல. ஏழு வருசம்டி. வெறும் கட்டம் போட்ட புடவதான் நெய்யறேன். கீதாவுக்கு அவங்க மாமியார் வீட்ல கடைப் புடவ வாங்கிக் கட்னாங்க. ‘அபசகுனம்’னாங்க.”

எனக்கு இது தெரியாது. தெரியாது என்றால் தெரிந்துகொள்ளவில்லை. அவள் மார்க்கெட்டில் தலை குனிந்து நடந்ததை, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும் பார்க்கப் பிடிக்காமல் நடந்திருக்கிறாள். கையில் இருந்த சமோசாவைத் தாளிலேயே வைத்துவிட்டேன்.

“புடவ எங்க இருக்கு?”

“கீதா வச்சிருக்கா. எதுக்கு?”

“நான் பாக்கணும்.”

இரண்டாம் பாதி எப்படி என்று கேட்டால், நடுவில் கொஞ்சம் இழுவை. கடைசிச் சண்டை பிரமாதம். அந்தச் சத்தம் என்ன என்று சொல்ல மாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள். படம் விட்டதும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. தலையெல்லாம் பொட்டோடு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வேலூர் வண்டி ஏறி, கண்ணமங்கலத்தில் இறங்கினோம். கீதாவை அங்கேதான் கொடுத்திருக்கிறது. புருஷன் ஜெயக்குமார் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

கீதா கதவைத் திறந்து, அக்காவையும் என்னையும் சேர்த்துப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “யாருக்கு இன்னா ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணும் ஆவல. புடவய எடு,” என்றாள் ரேணு.

பீரோவின் மேல் தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அரக்குச் சிவப்பு. ஒரு தடவையும் கட்டாத பட்டு. ஆனால் ஒரு மடிப்பிலும் சரிகை வெடிக்கவில்லை. “வருசத்துக்கு ரெண்டு வாட்டி எடுத்து மடிப்பு மாத்தி வைப்பேன்க்கா,” என்றாள் கீதா. கட்டிலில் முந்தானையை விரித்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். எத்தனை நேர்த்தியான நெசவு! கரை பிசகவில்லை, சரிகை ஓடவில்லை, ஒரு முடிச்சு தெரியவில்லை. நடுவில் என் கை பண்ணிய கோளாறு மட்டும்.

“கீதா, இது உங்கக்கா தப்பில்ல. நான்தான் தப்பா குத்திட்டேன். பாக்கக்கூட மாட்டேன்னு உக்காந்துகினு இருந்தேன். என்ன மன்னிச்சிடும்மா.”

கீதா என்னைப் பார்த்தாள், ரேணுவைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்வதற்குள் ஜெயக்குமார் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் கட்டிலைப் பார்த்து அலறினார்.

“ஏய், இது அந்தப் பறவ! காலையிலேருந்து கடைக்கு வர்ற பசங்க எல்லாம் இதத்தான் செல்லுல வச்சிகினு சுத்தறானுங்க! இது எப்படி நம்ம வீட்ல?”

விஷயத்தைச் சொன்னோம். அவர் நம்பவில்லை. தன் போனில் ஒரு படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்துக் கட்டமும் பொருந்தியது. கட்டில் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஞாயித்துக்கெழம நாம எல்லாரும் படத்துக்குப் போறோம்,” என்றாள் கீதா. “நான் இதத்தான் கட்டப் போறேன்.”

“மாமியார் ஏதாச்சும்…” என்று இழுத்தாள் ரேணு.

“அவங்களையும் கூட்டிகினுதான் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாட்னி. ஆரணித் தியேட்டரில் ஒரு சீட் காலி இல்லை. கீதா முகூர்த்தப் புடவையில், தலை நிறைய மல்லியோடு, கல்யாணப் பெண்ணாகவே வந்து இறங்கினாள். மாமியார் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வாசலில் நின்ற பையன்களில் ஒருத்தன் முந்தானையைப் பார்த்து, கையிலிருந்த டீயை விட்டுவிட்டான். “டேய், படத்துல வர்ற பறவடா!” அவ்வளவுதான். அங்கேயே ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தார்கள். மாமியாரையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்கள். மூன்றாவது போட்டோவில் அவர் சிரித்துவிட்டார்.

உள்ளே, திரையில் அன்னம் வரி வரியாக எழும்பி, கழுத்து நகர்ந்து, கொண்டை முளைத்த நேரம், யாரோ “அதோ அந்தக்கா புடவ!” என்று கத்தினார்கள். செல்போன் லைட்டெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது. கீதா எழுந்து, இரண்டு கையாலும் முந்தானையை விரித்துப் பிடித்தாள். திரையில் ஒன்று, புடவையில் ஒன்று. விசில் சத்தத்தில் படத்தின் வசனமே கேட்கவில்லை. ஆப்பரேட்டருக்கு என்ன தோன்றியதோ, படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார். அன்னம் மட்டும் திரையில் நின்றது.

“எங்க வாங்குனீங்கக்கா?” என்று ஒருத்தன் கேட்டான்.

“வாங்கல. எங்கக்கா நெய்ஞ்சது,” என்று கீதா ரேணுவைக் கைகாட்டினாள்.

எங்கள் தெருக்காரர்கள் ஒரு முப்பது பேராவது அங்கே இருந்தார்கள். நாலு வரிசை பின்னால், தெருக்கோடி நெசவாளர் வீரபாகுவும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் முதலில் பேச்சைக் கிளப்பியது அந்த அம்மாள்தான். “அந்தக் கழுத்து?” என்று அவளே கேட்டாள்.

ரேணு வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையிரண்டும் மடியில். அவள் சொல்லியிருக்கலாம். ஏழு வருஷமாகச் சொல்ல உரிமை இருந்தது. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

நான் சீட்டின் மேல் ஏறி நின்றேன்.

“கழுத்த ஒடச்சது நான்!” என்று கத்தினேன். “அட்டை குத்தற ஜெயப்ரியா! பத்துக் கட்டம் தள்ளிக் குத்திட்டு, அவ மேல பழியப் போட்டுட்டேன்! ரேணு நெய்ஞ்சதுல ஒரு இழை தப்பில்ல! வேணும்ன்னா வந்து பாத்துக்கோங்க, வெளக்கு எரிஞ்சிகினுதானே இருக்கு!”

வீரபாகு எழுந்து வந்தார். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதர். முந்தானையைக் கையில் வாங்கி, புரட்டி, உள்பக்கம் பார்த்து, கரையை விரலால் தடவிப் பார்த்தார். தியேட்டரே அவர் வாயைப் பார்த்தது.

“அட்டைத் தப்புதான்,” என்றார் உரக்க. “நெசவு தங்கம். ரேணு, தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். புடவ நீதான் நெய்யணும்.” கொஞ்சம் நிறுத்தி, “கழுத்து ஒடைஞ்ச அன்னம்தான் வேணுமாம் அவளுக்கு, காலையிலேருந்து பேஜார் பண்ணிகினு இருக்கா,” என்றார்.

அப்புறம் எழுந்த விசிலையும் கைதட்டலையும் நான் என்னவென்று சொல்வது? ஆதிரைக்குக்கூட அப்படி விழவில்லை. தப்பை ஒப்புக்கொண்டதற்கு ஊரே கைதட்டி நான் பார்த்ததில்லை. தெரிந்திருந்தால் முதல் வருஷமே சொல்லித் தொலைத்திருப்பேன்.

விளக்கணைந்து படம் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் இறங்கி உட்கார்ந்தேன். ஆதிரை கப்பலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ரேணு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருட்டில் துழாவி என் கையைப் பிடித்தாள். தறிக்குப் பழகிய முரட்டுக் கை. படம் முடிகிற வரைக்கும் விடவில்லை.